நல்ல பெட்ரோல்

முதலில் அது தலைக்கு மேலே இடப்பக்கம் கேட்டது. பிறகு வலப்பக்கம், இன்னும் உயரத்தில், சற்று மெலிந்து. மறுபடி இடப்பக்கம். மலைப்பாதையில் முன்னே போய்விட்ட வண்டியின் சத்தம் தூரமாகப் போவதில்லை, உயரமாகப் போகிறது, ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்கு யாரோ சாமான் தூக்கிக்கொண்டு ஏறுவதுபோல. அந்தச் சத்தம் அடுத்த வளைவில் நிற்க வேண்டும். நிற்பதுதான் வழக்கம், நின்று டுப் டுப்பென்று அவளுக்காகக் காத்திருக்க வேண்டும். அன்றைக்கு நிற்கவில்லை. இடுப்பில் குழந்தையும் கையில் புதுக் குக்கருமாக அவள் நடு ரோட்டில் நின்று காது கொடுத்தாள். இதோ நிற்கும், இந்த வளைவில் இல்லாவிட்டால் அடுத்ததில் நிற்கும். கொசுவின் ரீங்காரமாகச் சிறுத்தது, பிறகு கேட்பது வண்டியா தன் காதுக்குள்ளேயே இருக்கும் இரைச்சலா என்று தெரியாதபடி சிறுத்தது, பிறகு ஒரு காட்டுக்கோழி கூவியது, அவ்வளவுதான். முப்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கு நாகரத்தினம் அதே பாதையில் வண்டியை ஓட்டிக்கொண்டு ஏறுகிறாள். அன்றைக்கு நிற்காமல் போன மனுஷன் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஆஸ்பத்திரி உறையும் ஆரஞ்சுப் பையும், வாதம் வந்து சொன்ன பேச்சைக் கேட்காத இடது கை அவற்றின்மேல் தூங்கும் பூனையைப்போல. வலது கை அவள் தோளில். தோளைப் பிடித்திருக்கிறார் என்று சொல்ல முடியாது, ஓட்டுகிறார். அவள் எங்கே திரும்ப வேண்டுமோ அதற்கு ஒரு நொடி முன்னால் அந்தப் பக்கம் அழுத்துகிறார். மாட்டை ஓட்டுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

"செகண்டுக்கு எறக்கு," என்றார் தவசிலிங்கம். அவள் ஏற்கெனவே செகண்டில்தான் இருந்தாள். "ஆரன் அடி." அடித்தாள், வளைவுக்கு இன்னும் தூரம் இருந்தது, குரங்குகள் கைப்பிடிச் சுவரின்மேல் தலையைத் திருப்பிப் பார்த்தன. "கிளட்சைப் பாதி அமுக்கி வச்சுக்கிட்டே வராத, பிளேட் கருகிப்போகும். நான் ஓட்டுறப்ப ஒரு தடவ பிளேட் மாத்திருப்பேனா?" மூன்று தடவை மாற்றினார். அவளுக்குத் தெரியும், மூன்று தடவையும் மெக்கானிக் கடை வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தது அவள். இந்த மனுஷனிடம் எதையும் திருத்துவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். ஓடுகிற தண்ணீரில் யாரும் கோடு கிழிப்பதில்லை. வண்டி நூறு சிசி. மகள் சுகந்தி பத்தாவது படிக்கும்போது வாங்கியது, அதற்கு இப்போது மூச்சிரைக்கிறது. தனியாளாக ஏறினால் முனகிக்கொண்டே ஏறிவிடும். பின்னால் ஒரு அரிசி மூட்டை இருந்தால் பொண்டாட்டி வளைவு வரைக்கும்தான். சத்துணவு அமைப்பாளராக இருந்த காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போய் அந்த வளைவில் இறக்கிவைத்துவிட்டு, வண்டியை மேலே நிறுத்திவிட்டு, இறங்கி வந்து பாதி பாதியாகச் சுமந்திருக்கிறாள். தவசிலிங்கம் ஒரு மூட்டை அரிசியைவிடக் கனம். தவசிலிங்கம் ஒரு மூட்டை அரிசியைவிட உபயோகம் குறைவு. இப்படி நினைத்ததும் அவளுக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது, கண்ணாடியில் பார்த்துவிடுவாரோ என்று அடக்கினாள், பிறகு கண்ணாடியை அவர் காலையிலேயே தன் முகம் தெரிகிற மாதிரித் திருப்பிவைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. அவள் ஓட்டுகிறாள், கண்ணாடி அவருக்கு.

பொண்டாட்டி வளைவு என்பது யார் வைத்த பெயரோ தெரியாது. ஹைவேஸ்காரன் அதற்கு ஒரு எண் எழுதிக் கல் நட்டிருக்கிறான், யாரும் எண்ணைச் சொல்வதில்லை. பஸ் கண்டக்டர்கூட அப்படித்தான் சொல்வான். மலையில் வண்டி வந்த நாளிலிருந்து, ஐம்பது சிசியோ எழுபதோ நூறோ, அந்த வளைவில் மட்டும் இரண்டு ஆளை இழுக்காது. இடப்பக்கமாகத் திரும்புகிற வளைவு, ஏறுகிறவனுக்கு உள்பக்கம்தான் கிடைக்கும், உள்பக்கம் சுவர்மாதிரி நிற்கும். எதிரே வண்டி இல்லாவிட்டால் அகலமாக எடுத்து வெளிப்பக்கமாக ஏறிவிடலாம், வெளிப்பக்கம் சமாளிக்கிற மாதிரி இருக்கும், ஆனால் எதிரே வண்டி இருக்கிறதா இல்லையா என்பது வளைந்த பிறகுதான் தெரியும். அதனால் அங்கே ஆண்கள் வண்டியை நிறுத்தி ஒரு சொல் சொல்வார்கள். "எறங்கு." அவ்வளவுதான், திரும்பிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, பிள்ளையோ மூட்டையோ கோழியோ எது இருக்கிறதோ அதோடு நடந்து ஏறுவார்கள். ஆண்கள் மேல்வளைவில் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக் காத்திருப்பார்கள். கல்யாணமாகி மேலே வந்த புதுசில் இதை அவள் ஒரு சடங்கு என்றே நினைத்திருந்தாள், வேண்டுதல்மாதிரி. அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்தால் "ஒங்க வீட்டுக்காரரு எறக்கிவிடுறாரா, முக்கி ஏத்திருவாரா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். தவசிலிங்கம் எறக்கிவிடுகிறவர். வளைவுக்கு நூறு அடி முன்னாலேயே எறக்கிவிடுகிறவர். வண்டிக்கு வலிக்கக்கூடாது.

வண்டிக்கு வலிக்கக்கூடாது என்று பார்த்த மனுஷனுக்கு இப்போது நெஞ்சில் அடைப்பு. டாக்டர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து சொன்னார். எதிரே இருந்தவளின் முகத்தைப் பார்க்க அவருக்கு நேரமில்லை, பேனாவைப் பார்த்துச் சொன்னார். "ஸ்டென்ட் வைக்கணும்மா. தேதி சொல்றோம். அதுவரைக்கும் மாடிப்படி வேண்டாம், வெயிட் தூக்க வேண்டாம், முக்கியமா மேடு ஏறக்கூடாது. நடந்து மேடு ஏறுனா ரிஸ்க். வீடு எங்க?" மலையில் என்றாள். டாக்டர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "மலையிலயா?" என்றார், ஏதோ மரத்தில் என்று அவள் சொல்லிவிட்ட மாதிரி. "அவர்ட்ட பயமுறுத்தாமச் சொல்லுங்க." அந்த நேரத்தில் தவசிலிங்கம் வெளியே செக்யூரிட்டியிடம் பேசிக்கொண்டிருந்தார், இவளுக்கு உள்ளே கேட்டது, முப்பத்தைந்து வருஷமாகச் சொல்கிற அதே கதை, கதையில் சிரிக்க வேண்டிய இடம் வந்ததும் செக்யூரிட்டி சிரித்தான். அவள் வெளியே வந்தபோது "என்ன சொன்னாரு?" என்றார். "மாத்திரை எழுதியிருக்காரு" என்றாள். அதோடு நின்றுவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை முயன்று பார்த்தாள், அதை அவள் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம், முயன்றாள். "நீங்க பஸ்ல வாங்களேன். நான் வண்டிய எடுத்துக்கிட்டு வாரேன்." "எதுக்கு? பஸ்ஸுல வந்தா ஆளாளுக்கு ஒடம்புக்கு என்ன, கைக்கு என்னன்னு கேப்பாய்ங்க. வண்டி என்னத்துக்கு இருக்கு?" அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாக்கில் சுடுசோற்றை வைத்துக்கொண்டு விழுங்காமலும் துப்பாமலும் இருப்பதுபோல அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு வண்டியை உதைத்தாள். அவரைப் பின்னால் வைத்து அவள் மேலே ஏறுவது இதுதான் முதல் தடவை. இந்த மலையில் அவருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருப்பதும் இதுதான் முதல் தடவை. ஒரு சொல்தான் பாக்கி. அந்த வளைவில் நிறுத்தி, திரும்பிப் பார்க்காமல், அதே சொல். அவர் இறங்குவார். நடப்பார். பிறகு நடப்பது நடக்கும். யாரும் எதுவும் சொல்ல முடியாது, நூறு சிசி வண்டி ரெண்டு ஆளை இழுக்காது என்பது மலை முழுக்கத் தெரியும். இந்த நினைப்பு அவளுக்குள் எங்கோ ஒரு மூலையில் எட்டிப் பார்க்கவில்லை, நடுக்கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது, அடிவாரத்துச் செக்போஸ்ட் தாண்டியதிலிருந்தே.

கீழிருந்து ஒரு உறுமல் வந்தது, மலையையே யாரோ அரைக்கிற மாதிரி. பெரிய வண்டிகள், வரிசையாக, சனிக்கிழமைதோறும் வருகிற கூட்டம். தலைக்கு உருண்டை உருண்டையாக ஹெல்மெட், அதன்மேல் ஒரு காமிரா, முழங்காலுக்குக் கவசம், முழங்கைக்குக் கவசம். போருக்குப் போகிறார்கள் பாவம், எதிரி யார் என்றுதான் தெரியவில்லை, போய் வியூ பாயின்ட்டில் நின்று நூடுல்ஸ் தின்றுவிட்டுத் திரும்புவார்கள். அவளை ஒட்டி ஏறும்போது ஒருவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி "ஆண்ட்டி, செம!" என்று கத்தினான். இன்னொருவன் காமிராவைத் திருப்பினான். தவசிலிங்கம் பின்னாலிருந்து சிரித்த முகமாகக் கையை ஆட்டினார், தோளிலிருந்து கையை எடுத்து ஆட்டினார், வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. "எத்தன சிசி தம்பி?" என்று போய்விட்ட வண்டியிடம் கேட்டார். "ஐநூறு இருக்கும்," என்று தானே பதில் சொல்லிக்கொண்டார். "அதுல இருக்கணும். பொண்டாட்டி வளைவெல்லாம் ஒரு வளைவா அதுக்கு." அவள் மூன்றாவது கியருக்கு மாற்றி, உடனே மறுபடி இரண்டுக்கு இறக்கினாள். இந்தத் துண்டு ரோட்டில் ஒரு ஏமாற்று மேடு இருக்கிறது, சமதளம்போலத் தெரியும், வண்டிக்குத்தான் அது மேடு என்று தெரியும். அவள் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்தொன்பது வயதில். கீழ் ஆபீசுக்கு மாதாமாதம் போக வேண்டியிருந்தது, பஸ்ஸை நம்ப முடியவில்லை. சுகந்திதான் லீவில் வந்தபோது பள்ளிக்கூட மைதானத்தில் சொல்லிக் கொடுத்தாள். அவர் வேலியோரம் நின்று, மேல்வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு நிறுத்தி வேடிக்கை பார்த்தார். விழுந்தபோது கைதட்டினார். கெட்ட மனசால் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாதது. அவரிடம் கெட்ட மனசு கிடையாது, தேடிப் பார்த்தாலும் கிடைக்காது, இருந்தால் அதை வெறுக்கலாம், வெறுப்பதற்கும் ஒரு எடை வேண்டும். "பாவம்மா அப்பா" என்பாள் சுகந்தி. போனில் அந்தப் "பாவம்மா" வரும்போதெல்லாம் இவள் ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்கு இடுப்பில் இருந்து "அப்பா எங்க, அப்பா எங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தவள்தான். அவளுக்கு ஞாபகமில்லை. சுத்தமாக மறந்துவிட்டாள்.

அன்றைக்கு அவள் வீடு வரைக்கும் நடந்தாள். குழந்தை, குக்கர், அறுந்துபோன ஒரு செருப்பு. அந்த நேரத்துக்குப் போகிற ஒரே பஸ் அன்றைக்குக் காற்றுப் போய் எங்கோ நின்றுவிட்டது. டீக்கடையில் அவர் இருந்தார். கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் ஒரு காலைத் தூக்கி மடக்கி உட்கார்ந்து, எலுமிச்சை விலை பேசிக்கொண்டிருந்தவர் இவளைப் பார்த்ததும், "ஏ, நீ எங்கிட்டு இருந்து வார?" என்றார். உண்மையாகவே தெரியாமல் கேட்டார். அந்த முகத்தை அவள் இன்றைக்கும் பார்க்க முடியும், புருவத்தைத் தூக்கிக்கொண்டு, சுத்தமான, பொய்யில்லாத முகம். பிறகு விஷயம் புரிந்து தொடையில் தட்டிச் சிரித்தார், கடையே சிரித்தது. அப்புறம் சொன்னார்: "நீ ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?" அந்த வாரமே அது கதையாகிவிட்டது. அடுத்த முகூர்த்தத்திலிருந்து கல்யாண வீடுகளுக்குப் போனது. பந்தியில், காதுகுத்தில், சம்பந்தம் பேசப்போன இடத்தில், சுகந்தியின் நிச்சயதார்த்தத்தில்கூட. "எம் பொண்டாட்டிய எறக்கிவிட்டு ஏறுறேன்யா. வண்டின்னா வண்டி, அப்பிடி இழுக்குது! வளைவு தாண்டியும் இழுக்குது, நிக்கவே மனசு வரல. நேத்து வரைக்கும் முக்குன வண்டி இன்னைக்கு என்ன இந்தப் பறப்பு பறக்குதுன்னு பாத்தேன். சரி, நல்ல பெட்ரோல்போலன்னு நெனச்சுக்கிட்டேன்!" இந்த இடத்தில் சிரிப்பு வரும். பெண்களும் சிரிப்பார்கள், அந்த வளைவில் ஆயுசு முழுக்க இறங்கி ஏறிய பெண்கள். அவளும் சிரிப்பாள், தலையைக் குனிந்துகொண்டு, இலையில் இருக்கிற அப்பளத்தை உடைத்துக்கொண்டு. ஆனால் கதைக்கு ஒரு வால் உண்டு, அது அவர் சொல்கிற கதையில் வராது. அவர் அதற்குப் பிறகு, அன்றைக்கு நிரப்பிய அந்த பெட்ரோல் பங்க்கைத் தவிர வேறெங்கும் பெட்ரோல் போட்டதில்லை. அடிவாரத்து ஊருக்கு அந்தப் பக்கம், ரயில்வே கேட் தாண்டி, வேலை மெனக்கெட்டுப் போவார். கதையைச் சொல்லிச் சிரித்த அதே வாயால் "அந்தப் பங்குல சரக்கு சுத்தம்" என்று சிபாரிசு செய்வார். ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் ஒரு குக்கரும் குறைந்தால் வண்டி லேசாகும் என்பது அவருக்குச் சிரிப்பதற்கு மட்டும் தெரியும், நம்புவதற்குத் தெரியாது. இன்று காலையிலும் அங்கேதான் போகச் சொன்னார். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போகும் வரைக்கும், நெஞ்சில் அடைப்போடு, வெயிலில், அந்தப் பங்குக்காகக் காத்திருந்தார்கள்.

மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. காற்றில் காப்பிப் பூ வாசனையும், அதற்குள் கிளட்ச் பிளேட்டின் கருகல் வாசனையும். வலது மணிக்கட்டு மரத்துப்போனது. வலப்பக்க வளைவு, அகலமானது, இதில் பிரச்சினை இல்லை. இது தாண்டினால் ஒரு நேர்த்துண்டு, பலாமரம், பிறகு அது. சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எறங்குங்க. 'ங்க' வேண்டுமா? அவர் ஒரு நாளும் 'ங்க' போட்டதில்லை. எறங்கு. இல்லை, 'ங்க' இருக்கட்டும், பிறகு யாரும் மரியாதையில்லாமல் சொன்னாள் என்று சொல்லக்கூடாது. யார் சொல்வார்கள்? யாரிடம் சொல்வார்கள்? செத்துப்போனவர் வந்து சொல்வாரா, எனக்கு 'ங்க' போடவில்லை என்று? அவளுக்குத் தன்மேலேயே ஒரு அருவருப்பு வந்தது, ஆனால் பெரிய அருவருப்பு இல்லை, பல் துலக்காமல் காப்பி குடித்துவிட்ட மாதிரி ஒன்று. எல்லாவற்றுக்கும் சாட்சி தேடுகிற புத்தி, மரியாதை கெடாமல் ஒருவரைச் சாகவிடுகிற புத்தி. இப்போதே நிறுத்தி "டாக்டர் மேடு ஏறக் கூடாதுன்னாரு" என்று சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? அவர் இறங்க மாட்டார். அவள் இறங்குவாள். அவரைச் சீட்டில் வைத்தபடியே, பக்கத்தில் நடந்துகொண்டே ஆக்ஸிலேட்டரைத் திருகி, உற்சவரை உலாக் கொண்டுபோவதுபோல் அந்த வளைவில் ஏற்றுவாள், அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கியர் சொல்வார். அடுத்த கல்யாணத்தில் அதுவும் கதையாகும். அந்தக் காட்சி கண்முன் வந்ததும் தொண்டைக்குள் இருந்த சொல் தானாகவே மேலே ஏறியது. பலாமரம் வந்தது. வளைவு வந்தது. வண்டியின் சத்தம் கனத்தது, முன்சக்கரம் லேசாகத் தடுமாறியது, அவள் பிரேக்கை மிதித்துக் காலை ஊன்றினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"எறங்குங்க," என்றாள்.

ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள். முக்கி ஏத்து, அகலமா எடு, நான் ஓட்டுறப்ப. இல்லை, இறங்கினார். வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி லேசாகிவிட்டது, ஒரு வயதான மனுஷனுக்கு இவ்வளவு எடையா என்று இருந்தது. உறையையும் ஆரஞ்சுப் பையையும் மார்போடு அணைத்துக்கொண்டு, பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுப் போகிற பிள்ளைமாதிரி ரோட்டோரம் நிற்பது கண்ணோரத்தில் தெரிந்தது. இப்போது சொல்ல வேண்டும், நடக்காதீங்க, இங்கயே இருங்க என்று. கிளட்சை விட்டாள். வண்டி போனது. போனதா, பறந்தது. உள்பக்கச் சுவரில் பல்லிமாதிரி ஒட்டிக்கொண்டு ஏறியது, என்ஜின் சத்தத்தில் முனகலே இல்லை, அவள் முதுகுக்குப் பின்னால் காற்று இருந்தது, வெறும் காற்று, தோளை யாரும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அழுத்தவில்லை. அறுபத்தொரு வயதில் அவள் உடம்பு முழுக்க ஒரு குஷி ஓடியது, வெட்கங்கெட்ட குஷி, இடுப்பிலிருந்து உள்ளங்கைவரைக்கும். நிறுத்த மனசே வரவில்லை. அந்த வார்த்தைகள் அவர் குரலிலேயே காதில் விழுந்தன, நிக்கவே மனசு வரல. மேல்வளைவில் நிறுத்தினாள். என்ஜினை அணைத்தாள்.

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தச் சுவரில் உட்கார்ந்ததில்லை, இங்கே வந்து சேரும்போது வண்டி புறப்படத் தயாராக இருக்கும், பீடி பாதியில் நசுக்கப்படும். சுவர் குளிர்ந்திருந்தது. கீழே ஒன்றும் தெரியவில்லை, மேகம் ரோட்டை மூடிவிட்டது, பாலில் விழுந்த மாதிரி. காது கொடுத்தாள். அவருடைய ரப்பர் செருப்பு ஒரு பக்கம் இழுத்துத் தேயும், அந்தச் சத்தம் வர வேண்டும். மேட்டில் மெதுவாகத்தான் வரும். காட்டுக்கோழி இல்லை, குரங்குகூட இல்லை, கீழே எங்கோ ஒரு உறுமல் எழுந்து அடங்கியது, பிறகு தண்ணீர் எங்கோ சொட்டியது. என்ஜின் சூடு ஆறுகிறபோது டிக் டிக்கென்று ஒரு சத்தம் வரும், அது வந்தது, நின்றது. இப்போது பாதி தூரம் வந்திருப்பார். மார்பைப் பிடித்திருப்பார். உறையைக் கீழே போட்டிருப்பார். சுகந்திக்கு என்ன சொல்வது? வண்டி இழுக்கலைம்மா, எறக்கிவிட்டேன். "டாக்டர் என்னம்மா சொன்னாரு?" மாத்திரை எழுதினாரு. "பாவம்மா அப்பா." எல்லாரும் நம்புவார்கள், அதுதான் கொடுமை, ஒருத்தர்கூடச் சந்தேகப்பட மாட்டார்கள், இந்த மலையில் ஒரு பெண் எதையாவது வேண்டுமென்று செய்வாள் என்று நினைக்கிற அளவுக்கு அவளை ஒருவரும் பார்த்ததில்லை. செருப்புச் சத்தம் வரவில்லை. அவர் அன்றைக்கு மறந்துபோய்ச் செய்தார். அவளுக்கு மறதி கிடையாது, ஒவ்வொன்றையும் தெரிந்தே செய்தாள், அவரைவிட ஒரு படி கீழே இறங்கிச் செய்தாள், இறங்குவதற்குத்தான் அவளுக்கு நல்ல பழக்கமாயிற்றே. எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள், மூச்சுதான் வந்தது. மறுபடி திறந்தாள். "ஏங்க!" என்றாள். மேகத்துக்குள் போய்ச் சத்தம் நனைந்துவிட்டது. "ஏங்க! ஏங்ங்க!" அன்றைக்குக் கொடுக்காத சத்தத்தை இன்றைக்குக் கொடுத்தாள், அடிவயிற்றிலிருந்து, கேவலமாக, கோழி விற்கிறவளைப்போல. பதில் இல்லை. வண்டியைத் திருப்பினாள். சத்தம் காதை மறைக்கக்கூடாது என்று என்ஜினைப் போடாமல், நியூட்ரலில், பிரேக்கை மட்டும் மிதித்தபடி அந்த வெள்ளைக்குள் இறங்கினாள். ரோட்டின் நடுவில் ஏதாவது கருப்பாகக் கிடக்கிறதா என்று முன்சக்கரத்துக்கு அப்பால் பார்த்துக்கொண்டே வந்தாள். பிரேக் க்ரீச்சென்று அழுதது. ரோடு காலியாக இருந்தது. வளைவின் கடைசிவரைக்கும் காலியாக இருந்தது.

முதலில் கேட்டது சிரிப்பு. பிறகு ஆரஞ்சு வாசனை. பலாமரத்தடியில், அவள் இறக்கிவிட்ட அதே இடத்தில், ஹைவேஸ்காரன் நட்ட எண்கல்லின்மேல் தவசிலிங்கம் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் கடைசியாக வந்த இரண்டு பெரிய வண்டிகள் ஓரமாக நின்றன, இரண்டு பையன்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். பேத்திக்கென்று வாங்கிய ஆரஞ்சு. "நல்ல பெட்ரோல்போலன்னு நெனச்சுக்கிட்டேன்!" என்று அவர் சொல்லி முடிக்க, பையன்கள் மடங்கிச் சிரித்தார்கள். இவளைப் பார்த்ததும், "இந்தா, வந்துட்டாள்ல? சொன்னேன்ல, வந்துருவான்னு," என்றார்.

வண்டியை ஸ்டாண்டில் போடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். "கூப்ட்டேனே. கேக்கலையா?"

"கேட்டுச்சு. எனக்குக் கேக்கலைன்னு நெனச்சியா? வாய்ல சொளை இருந்துச்சு."

"நீங்க நடக்கலையா?"

"நடக்கவா?" புருவத்தைத் தூக்கினார். அதே முகம். டீக்கடைப் பெஞ்சில் பார்த்த முகம், சுத்தமான, பொய்யில்லாத முகம். "நான் எதுக்கு நடக்குறேன்? வண்டிய மேல நிறுத்திட்டு நீ வந்து என்னயக் கூப்ட்டுப் போவேன்னு இருக்கேன்."

முப்பத்தைந்து வருஷமாக அவர் அந்த வளைவில் யாரையும் வந்து கூப்பிட்டுப் போனதில்லை. அது அவருக்கு ஞாபகம் வரவேயில்லை. ஒரு மனுஷனைச் சாகடிக்கிறோமா என்று அவள் மேலே தன் குடலை அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க, நடக்கலாம் என்ற யோசனைகூட அவருக்குத் தோன்றவில்லை. அவளுடைய பாவம்கூட அவரிடம் போய்ச் சேரவில்லை. வழியிலேயே காற்றுப் போய் நின்றுவிட்டது.

"டாக்டர் நடந்து மேடு ஏறக் கூடாதுன்னு சொன்னாரு," என்றாள். அவளுக்கே தன் குரல் யாருடையதோபோல இருந்தது. "நெஞ்சில அடைப்பாம். ஏறுனா ஆபத்தாம்."

பையன்கள் உரிப்பதை நிறுத்தினார்கள். தவசிலிங்கம் ஒரு சுளையின் விதையைத் துப்பினார்.

"அதான் நான் நடக்கலையே," என்றார்.

பிறகு அவளுடைய வண்டியைப் பார்த்தார், மட்கார்டிலிருந்து ஹேண்டில்பார்வரைக்கும், நல்ல மாட்டைப் பார்ப்பதுபோல. "ஆனா நாகு, கீழருந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். என்னமா ஏறுது! முனகலே இல்ல. காலைல அந்தப் பங்குக்குப் போகச் சொன்னப்ப மூஞ்சியத் தூக்குனேல்ல? பாத்தியா. சரக்கு சுத்தம்."

பையன்களில் ஒருவன், "அங்கிளை நான் ஏத்தி விடுறேன் ஆண்ட்டி, நீங்க முன்னாடி போங்க," என்றான். தவசிலிங்கம் முகமெல்லாம் மலர்ந்து எழுந்தார். "எத்தன சிசி தம்பி?" அவரைத் தூக்கி உட்காரவைக்க இரண்டு பேரும் வேண்டியிருந்தது. நல்ல கையால் அந்த அறிமுகமில்லாத பையனின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். ஐநூறு சிசி உறுமியது, அவரோடு வளைவில் ஏறி மேகத்துக்குள் போனது. முதலில் தலைக்கு மேலே இடப்பக்கம் கேட்டது, பிறகு வலப்பக்கம். "செகண்டுக்கு எறக்கு தம்பி," என்று அவர் குரல் கேட்ட மாதிரி இருந்தது. ரோட்டில் கிடந்த ஆரஞ்சுத் தோலையெல்லாம் நாகரத்தினம் பொறுக்கிப் பையில் போட்டாள், எண்கல்லின் காலடியில் கிடந்த ஆஸ்பத்திரி உறையையும் எடுத்துக்கொண்டாள். பிறகு கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, வண்டியை உதைத்தாள்.

தவசிலிங்கத்துக்கு அடுத்த மாதம் ஸ்டென்ட் வைத்தார்கள். எண்பத்து நாலு வயது வரைக்கும் இருந்தார். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த வளைவை அவர் ஒரு நாளும் நடந்து ஏறியதில்லை.